வங்க ஓவியம்: விட்டதும் பெற்றதும்

நிறுவல் கலையும் காணொளியும் காட்சிக்கூடங்களை நிறைத்துவிட்ட இந்நாளில் ஓவியத்துக்கு என்ன இடம்? ஹவுராப் பாலத்தைக் கடந்தால் எதிர்க்கரையிலுள்ள கல்கத்தாவிலேயே விடை கிடைக்கும். வங்கத்தின் ஒவ்வொரு ஓவியப் பள்ளியும் எதையோ விட்டுத்தான் தனக்கென ஒரு தரத்தை வகுத்துக்கொண்டது.

19ஆம் நூற்றாண்டில் காளிகாட் கோயிலைச் சுற்றிப் பட்டுவாக்கள் என்னும் மரபு ஓவியர்கள் ஆலைக் காகிதத்தில் வரைந்து யாத்ரீகர்களுக்கு விற்றார்கள். கை வேகமாக ஓட வேண்டும். ஆகவே பின்னணியை விட்டார்கள். தோளிலிருந்து முழங்கைவரை தூரிகை ஒரே இழுப்பில் இறங்கும். கோட்டை ஒட்டி உட்புறமாக நிறத்தை நீரில் கரைத்து இழுத்தால் உடம்பு திரண்டு நிற்கும். கோடு பிசகாமை அவர்களுடைய தரம். மலிவான அச்சுப் படங்கள் வந்ததும் அந்தத் தொழில் நலிந்தது.

கல்கத்தா கலைப்பள்ளி முதல்வர் ஹேவல் ஊக்குவிக்க, அவனீந்திரநாத் தாகூர் ஐரோப்பிய எண்ணெய் வண்ண முறையை விட்டார். ஜப்பானிய ஓவியர்களின் உறவால் விளைந்தது அவருடைய 'வாஷ்' முறை: தீட்டிய தாளை நீரில் நனைத்து, மறுபடி தீட்டி, மறுபடி நனைப்பது. 1905இல் வரைந்த 'பாரத மாதா'வின் பனிமூட்ட ஒளி அப்படிப் பிறந்தது. அங்கே உருவ ஒற்றுமையைவிட உணர்ச்சி பாவமே பெரிது.

சாந்திநிகேதனின் நந்தலால் போஸ் 1938 ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்காக உழவரையும் கைவினைஞரையும் வரைந்தார். ஐரோப்பிய பாணியில் உருவப்படம் தீட்டிப் பழகிய ஜாமினி ராய் அதைக் கைவிட்டு, மண் நிறங்களுக்கும் பட்டுவாக்களின் கோட்டுக்கும் திரும்பினார்.

ஹவுராப் பாலம் திறக்கப்பட்ட 1943லேயே வங்கப் பஞ்சமும் வந்தது. அவ்வாண்டு உருவான கல்கத்தா குழு என்ற கலைஞர் அமைப்பு புராணக் கனவுகளை ஒதுக்கியது. அதே பஞ்சத்தில் சித்தபிரசாத் என்ற ஓவியர் வண்ணத்தையே விட்டு, கறுப்பு மையில் பசித்த உடல்களைப் பதிவு செய்தார். அவருடைய 'பசித்த வங்கம்' நூலை ஆங்கிலேய அரசு பறிமுதல் செய்தது.

1960இல் தொடங்கிய தற்காலக் கலைஞர் சங்கத்தைச் சேர்ந்த கணேஷ் பைன் டெம்பெரா வண்ணத்தின் இருளில் மூழ்கினார். அவனீந்திரர் விட்ட எண்ணெய் வண்ணத்தை விகாஸ் பட்டாச்சார்யா கையில் எடுத்தார். அவருடைய பொம்மைகள் பார்ப்பவரைக் கலங்கடிப்பவை. ஆக, விட்ட பொருள் மட்டுமே தரமாகிவிடாது. எதற்காக விட்டார்கள் என்பதே முக்கியம்.

அச்சு வந்தபோதும் புகைப்படம் வந்தபோதும் ஓவியம் சில வேலைகளை இழந்தது. இன்று காணொளி இன்னும் சிலவற்றை எடுத்துக்கொள்கிறது. போகட்டும். மற்றக் கலைகள் செய்யக்கூடியதைத் தானும் செய்து போட்டியிடும் ஓவியம் தோற்கும். தன்னால் மட்டுமே முடிவதைத் தெரிந்து மற்றதை விடும் ஓவியத்துக்கு இடம் உண்டு.