இடித்துரையும் சொல்வன்மையும்: ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல்

மிஷேல் ஃபூக்கோ 1983இல் பெர்க்லியில் நிகழ்த்திய சொற்பொழிவுகள் 'பர்ரேசியா' என்னும் கிரேக்கச் சொல்லை ஆராய்வன. 'எல்லாவற்றையும் சொல்லுதல்' என்பது அதன் சொற்பொருள். தன்னினும் வலியார் முன், தனக்கு நேரும் இடரை அறிந்தே உண்மையை உரைத்தலை அது குறிக்கும். கேட்போரை இணங்கவைக்கும் ரெட்டரிக் அதற்கு மறுதலை. பெங்களூர் பிரேசர் டவுனில் மொழிபெயர்ப்பாளர் சிலருடன் இவ்வுரைகளைப் படித்தபோது முன்னதற்கு 'வாய்மை' என்றும் பின்னதற்குச் 'சொல்வன்மை' என்றும் எளிதில் முடிவு செய்தோம். அம்முடிவு மறுஆய்வுக்குரியது.

குறளில் வாய்மை (அதி. 30) துறவறவியலில் அமைந்தது. பிறர்க்குத் தீங்கு பயவாமையே அதன் இலக்கணம்; குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையாகக் கொள்ளப்படும் (292). ஆக, அங்கு அளவுகோல் விளைவே. பர்ரேசியாவிலோ அளவுகோல், சொல்வோன் தன் கருத்தை மறையாமையும் இடரை ஏற்றலும் ஆகும். அதனை 'வாய்மை' எனப் பெயர்த்தால் இடர் என்னும் பொருட்கூறு மறைந்துவிடும்.

அப்பொருட்கூற்றைத் தாங்கும் சொல் பொருட்பாலில் உண்டு. இடித்துரைப்போர் துணையற்ற அரசன் பகைவர் இன்றியே அழிவான் (448). மன்னன் மதியாவிடினும் உறுதி கூறுதல் அமைச்சனின் கடமை (638). செவிக்குக் கசக்கும் சொல்லைப் பொறுத்தல் வேந்தனின் பண்பு (389). சொல்வோன் துணிவும் கேட்போன் பொறையும் இணைந்த இவ்வமைப்பு, ஃபூக்கோ விளக்கும் உடன்பாட்டை ஒத்தது. நண்பரிடையேயும் இடித்தல் உண்டு (784, 795). நட்பே முறியக்கூடிய இடரை அவரும் சுட்டுகிறார். எனினும் ஏதென்சில் பர்ரேசியா குடிமகனின் உரிமையுமாகும். இடித்துரையில் கடமை உண்டு, அவ்வுரிமை இல்லை. இவ்வேறுபாட்டை மொழிபெயர்ப்பாளர் முதலிடத்திலேயே விளக்குதல் வேண்டும்.

'சொல்வன்மை' இதனினும் பெரிய இடர்ப்பாட்டைத் தருவது. பிளேட்டோவின் கோர்கியாஸ் உரையாடலில் ரெட்டரிக் முகத்துதியின் ஒரு வகையாக இழிக்கப்படுகிறது. குறளிலோ அமைச்சினை (அதி. 64) அடுத்தே சொல்வன்மை (அதி. 65) வைக்கப்பட்டுள்ளது. இடித்துரைக்க வேண்டிய அமைச்சனுக்கே கேட்போரைப் பிணிக்கும் ஆற்றலும் விதிக்கப்படுகிறது. இவ்விரண்டையும் பகையாகக் கருதாத மரபின் புகழ்ச்சொல்லைக் கோர்கியாசில் இட்டால், சாக்ரடீசின் கண்டனம் தமிழ் வாசகனுக்குப் பொருளற்றதாகும். புகழ்ச்சிக்கும் இகழ்ச்சிக்கும் இடந்தரும் 'பேச்சுக்கலை' என்பதே அங்குத் தக்கது.

மரபுச்சொல்லை ஆளுதல் எளிது. ஆனால் அச்சொல் தன் மதிப்பீட்டையும் உடன்கொணர்கிறது. அதனை ஆராயாது ஏற்கும் மொழிபெயர்ப்பு, மூலத்தின் வாதத்தையே மாற்றிவிடும்.