மூவாயிரம் ரூபாய் கட்டிங் பிளேயர்

எலக்ட்ரீஷியன் தொழிலுக்குப் புதிதாக வரும் இளைஞர்கள் சிலருடைய பையில் சிவப்பு மஞ்சள் கைப்பிடி போட்ட ஜெர்மன் பிளேயர் தென்படத் தொடங்கியிருக்கிறது. வெளிநாட்டு எலக்ட்ரீஷியன்கள் வேலை செய்வதை யூடியூபில் பார்த்து ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். ஆசையில் தப்பில்லை. கைத்தொழில் செய்கிறவருக்குக் கருவியின் மேல் பிரியம் இருக்கத்தான் வேண்டும். ஆனால் நம் ஊர் டபாரியா கட்டிங் பிளேயர் 300, 400 ரூபாய்க்குக் கிடைக்கும்போது, அந்த ஜெர்மன் க்னிபெக்ஸ் பிளேயர் ஒன்றுக்கு 3,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. தினக்கூலிக்குப் போகிறவருக்கு அது மூன்று நான்கு நாள் சம்பளம். அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று கணக்குப் பார்த்தே ஆக வேண்டும்.

கிடைப்பது சாதாரணமானதல்ல. க்னிபெக்ஸ் 1882-இல் ஜெர்மனியின் வுப்பர்டால் பகுதியில் தொடங்கிய நிறுவனம். இன்றும் அங்கேதான் இருக்கிறது. அதன் சைடு கட்டர்களில் சில வகைகளுக்கு வெட்டும் விளிம்பின் கடினம் 64 ராக்வெல் வரை போகும். அச்சாணி ஆடாது, வாய் ஒளி புகாமல் மூடும். நெம்புவிசையை அதிகரித்துச் செய்த வகைகளில் கை வலி குறைகிறது. தொழிற்சாலையில் நாள் முழுவதும் ஆர்மர்ட் கேபிளின் இரும்புக் கம்பியை வெட்டுகிறவர், மணிக்கட்டு தேய்ந்துபோன மூத்த தொழிலாளி, இவர்களுக்கு அந்த விலை நியாயமானது என்றே சொல்வேன்.

வீட்டு வயரிங் செய்கிறவரின் கதை வேறு. அவர் வெட்டுவது 1.5, 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர். அதற்கு 64 ராக்வெல் தேவையில்லை. அதோடு, நம் ஊரில் கட்டிங் பிளேயர் வெறும் பிளேயராக இருப்பதில்லை. கிளாம்ப் ஆணி அடிப்பதும் அதுதான், சுவரில் பதித்த பெட்டியின் மூடியை நெம்புவதும் அதுதான். சைட்டில் கொத்தனார் இரவல் கேட்பார், சாயங்காலம் தேடினால் கிடைக்காது. இந்த வாழ்க்கைக்கு 300 ரூபாய் பிளேயரே பொருத்தம். அது மட்டமான சரக்கு என்று நினைப்பதும் சரியில்லை. டபாரியா 1969-இல் ஒரு ஸ்வீடன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடுதான் கைக்கருவிகள் செய்யத் தொடங்கியது.

வெளிநாட்டுக் கருவிக்காகப் பேசுகிறவர்கள் அடுத்துச் சொல்வது பாதுகாப்பு. இது கனமான வாதம். ஐஈசி 60900 என்ற சர்வதேசத் தரத்தின்படி செய்த கருவியில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கும். அதை 10,000 வோல்ட்டில் சோதித்துத்தான் வெளியே அனுப்ப வேண்டும். சாதாரண பிளேயரில் போட்டிருக்கும் பிளாஸ்டிக் உறை பிடிமானத்துக்கானது. மின்சாரத்தைத் தடுக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. இந்த வேறுபாடு தெரியாமல் உறையை நம்பி லைனில் கை வைக்கிறவர்கள் நிறைய. ஆனால் அந்தக் குறி ஜெர்மனிக்கு மட்டும் சொந்தமில்லை. குறைந்த விலைக் கருவிகளிலும் அது வருகிறது, போலியாகவும் அச்சடிக்கப்படுகிறது. தெரிந்த கடையில், பில்லோடு வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. உண்மையான குறியுள்ள கருவியே கையில் இருந்தாலும், மெயினை அணைக்காமல் வேலை செய்ய அது அனுமதிச் சீட்டு ஆகாது.

மெயின் அணைந்துவிட்டதா என்பதை எதை வைத்துப் பார்க்கிறோம்? 3,000 ரூபாய் பிளேயர் வைத்திருப்பவரின் சட்டைப் பையிலும் 40, 50 ரூபாய் நியான் டெஸ்டர்தான் இருக்கிறது. எனக்கு இதுதான் பெரிய கவலை. அந்த டெஸ்டரில் மின்சாரம் ஒரு ரெசிஸ்டர் வழியாக, நியான் குழல் வழியாக, நம் உடம்பு வழியாகத் தரைக்குப் போகிறது. நமக்கும் 230 வோல்ட்டுக்கும் நடுவே இருக்கும் தடுப்பு அந்தச் சின்ன ரெசிஸ்டர்தான். காய்ந்த மர ஸ்டூலில் ஏறி நின்றால் வெளிச்சம் மங்கும். வெயிலில் எரிவதே தெரியாது. நியூட்ரல் எங்கோ அறுந்திருந்தால் ஃபேஸ், நியூட்ரல் இரண்டிலும் எரிந்து குழப்பும். எரியாத டெஸ்டரைப் பார்த்து லைன் இல்லை என்று முடிவு செய்வது உயிரைப் பணயம் வைப்பது.

எந்த ஜெர்மன் பிளேயரைப் பார்த்து ஆசைப்படுகிறோமோ, அந்த நாட்டில் எலக்ட்ரீஷியன் பயிற்சியில் ஐந்து விதிகளை முதலிலேயே மனதில் பதிய வைக்கிறார்கள்: இணைப்பைத் துண்டி, யாரும் மறுபடி போடாதபடி பார்த்துக்கொள், மின்சாரம் இல்லை என்று உறுதி செய், எர்த் செய்து ஷார்ட் செய், பக்கத்தில் மின்சாரம் ஓடும் பாகங்களை மூடு. மூன்றாவது விதிக்கு அவர்கள் எடுப்பது இரண்டு முனைகளையும் தொட்டுப் பார்க்கும் டெஸ்டரை. நாமோ அவர்களுடைய பிளேயரை மட்டும் வாங்கி வந்தோம், டெஸ்டரை விட்டுவிட்டோம். அந்த டெஸ்டர் கிடைக்காவிட்டாலும், டிபி பாக்ஸில் பயன்படுத்தத் தக்க கேட் 3 தரமுள்ள மல்டிமீட்டரை அந்த பிளேயரின் விலைக்குள்ளேயே வாங்கிவிடலாம். மெக்கோ, மோட்வானே, ரிஷப் ஆகிய இந்திய நிறுவனங்களே மல்டிமீட்டர் தயாரிக்கின்றன. மின்சாரம் இருப்பது தெரிந்த லைனில் ஒருமுறை வைத்து மீட்டர் வேலை செய்கிறதா என்று பார்த்து, வேலை செய்யப் போகும் இடத்தைச் சோதித்து, மறுபடி தெரிந்த லைனில் பார்க்க வேண்டும்.

பணம் போட வேண்டிய இன்னோர் இடம் வயர் முனை. நம் வீட்டு வயர் பெரும்பாலும் பல இழை வயர். பல்லால் கடித்தோ பிளேயரால் இழுத்தோ தோல் உரித்தால் நாலைந்து இழை அறுந்து போகும். மிஞ்சியதை முறுக்கி எம்சிபியில் செருகி இறுக்கினால், நாளடைவில் தளர்ந்து சூடாகி முனை கருகும். நல்ல ஸ்ட்ரிப்பரும், இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஃபெரூல் குழலைப் போட்டு அழுத்தும் கிரிம்பிங் டூலும் இதைத் தடுக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை: அமெரிக்க ஸ்ட்ரிப்பர்களில் குழியளவு அவர்கள் கேஜ் எண்ணில் இருக்கும். 14 கேஜ் என்பது 2.08 சதுர மில்லிமீட்டர், 12 கேஜ் 3.31. நம் 1.5, 2.5 வயருக்கு இரண்டும் சரியாகப் பொருந்தாது. அமெரிக்கப் பெயருக்காகப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கி, கடைசியில் இழையை அறுத்துக்கொண்டிருப்பதில் என்ன பயன்?

ஸ்க்ரூ டிரைவரில் வேரா, விஹா போன்ற ஜெர்மன் கருவிகளுக்கு என் முழு ஆதரவு உண்டு. பல எம்சிபிகளின் திருகுத் தலையில் நேர்க்கோட்டுப் பள்ளமும் போசிடிரிவ் பள்ளமும் கலந்திருக்கும். சாதாரண ஸ்டார் முனை அதில் வழுக்கும், தலை தேயும், இறுக்கம் பாதியில் நிற்கும். அந்தக் கலப்புத் தலைக்கென்றே இவர்கள் முனை செய்கிறார்கள். பிளேயரோடு ஒப்பிட்டால் விலையும் குறைவு.

ஆகவே என் தீர்ப்பு: முதலில் மீட்டர், அடுத்து 1000 வோல்ட் குறியுள்ள சரியான முனை ஸ்க்ரூ டிரைவர், பிறகு ஸ்ட்ரிப்பரும் கிரிம்பிங் டூலும். ஜெர்மன் பிளேயர் எல்லாவற்றுக்கும் கடைசியில். கான்ட்ராக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். மீட்டரையும் கிரிம்பிங் டூலையும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். அந்தச் செலவைத் தினக்கூலிக்காரர் தலையில் வைக்காதீர்கள். வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று: எலக்ட்ரீஷியன் மெயினை அணைக்க வேண்டும் என்றால், ஃபிரிட்ஜையும் டிவியையும் காரணம் காட்டித் தடுக்காதீர்கள்.