‘அருமை’: கடத்தற்கரியதும் கடக்கவியலாததும்

இன்று ‘அருமை’ ஒரு பாராட்டுச் சொல். கவியரங்கில் அவையோர் எழுப்பும் ஒலியாகவும், மதிப்புரை எழுதுவோர் வேறு சொல் கிடையாதவிடத்து ஒட்டிவிடும் அடைமொழியாகவும் அது தேய்ந்துவிட்டது. பண்டைத் தமிழிலோ அது வழிமறித்து நிற்கும் தடையைக் குறித்தது. அருஞ்சுரம் என்பது நடத்தற்கரிய பாலைவழி. ஆரெயில் என்பது பகைவர் கொள்ளுதற்கரிய மதில். யாழ்ப்பாணத்தில் “அவர் இந்தப் பக்கம் வாறது அருமை” என்னும்போது அப்பழம்பொருளின் சாயலை இன்றும் கேட்கலாம்.

ஆயின், ‘அரிது’ என்பது முயன்றால் முடியும் என்பதா, முடியவே முடியாது என்பதா? சொல் இரண்டையும் தாங்குகிறது. பொருளை இடமே உறுதிசெய்கிறது. அரணுக்கு வேண்டிய நான்கனுள் ஒன்றாக அருமையை வள்ளுவர் கூறுவர் (743). உள்ளிருந்து காப்போனுக்கு அது கொள்ளவியலாமை. புறத்தே முற்றியிருப்போனுக்கோ அது இன்னும் கொள்ளப்படாமை மட்டுமே. ஆரெயில் உண்மையிலேயே கொள்ளவியலாததாயின் உழிஞைத்திணைக்கு இடமில்லை. எளிதிற் கொள்ளத்தக்கதாயின் அவ்வெற்றியைப் பாடுதற்கு ஏதுவுமில்லை.

இவ்விருமை திருக்குறள் உரையிற் பெரிய வினாவாகின்றது. இறைவன் அடி சேராதார்க்கு மனத்துயர் நீக்குதல் அரிது என்னும் 7ஆம் குறளில், அருமை ஈண்டு இன்மைப் பொருட்டு என்கிறார் பரிமேலழகர். அரிது என்பதை வெறும் வருத்தமாகக் கொண்டால், அடி சேராதவனும் தன் முயற்சியால் ஒருகால் துயர் கடக்கலாம் என்றாகும். அவ்வழியை உரையாசிரியர் அடைத்துவிடுகிறார். இது சொற்பொருள் விளக்கம் மட்டுமன்று, சமயத் தீர்ப்புமாகும்.

இதே இன்மைப் பொருளை ஆள்வினையுடைமைக்கு ஏற்றிப் பார்ப்போம். செயலின் அருமை கண்டு தளரலாகாது என்பது அவ்வதிகாரத் தொடக்கம் (611). அருமை ஈண்டு இயலாமையாயின் அதிகாரம் முழுவதுமே பொருளற்றதாகிவிடும். மேலும், இயலாமையைச் சொல்ல விரும்பியவிடத்து அதே அதிகாரத்தில் ‘ஆகாது’ என்னும் சொல்லையே புலவர் ஆள்கிறார் (619). தக்க கருவியும் காலமும் வாய்ப்பின் அருவினை என ஒன்று உண்டோ என்று வினவுபவரும் (483) அவரே.

அவ்வாறாயின் 7ஆம் குறளிலும் ‘ஆகாது’ என்றிருக்கலாமே, பரிமேலழகர் தம் கொள்கையைப் புகுத்தினாரோ என்று ஐயுறுதல் இயல்பு. ஐயம் நியாயமானதே, ஆயினும் இவ்விடத்தில் அவர் பக்கமே வலுவுடையது என்பது என் கருத்து. கடவுள் வாழ்த்தின் 8ஆம் குறள் அடி சேராதார்க்கு நீந்துதல் அரிது என்று நிற்க, 10ஆம் குறள் ‘நீந்தார்’ என்று வெளிப்படையான எதிர்மறையாலேயே முடிக்கிறது. புலவரே தம் சொல்லுக்குத் தரும் விளக்கம் அது. அதனை நோக்காது, 7ஆம் குறளின் ‘அரிது’ என்பதற்குக் ‘கடினம்’ என்று எழுதி அப்பாற் செல்லும் எளிய உரைகள், பரிமேலழகர் அடைத்த வழியைத் தாம் திறந்துவிட்டமையைக்கூட அறிவதில்லை.