தூவினால் போதுமா நுண்ணுயிர்?

கடலில் எண்ணெய் கொட்டினாலும் ஏரியில் கழிவு கலந்தாலும், அதைத் தின்னும் நுண்ணுயிர்களை வளர்த்துக் கொண்டுவந்து விடலாம் என்ற யோசனை உடனே எழுகிறது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரு கப்பல்கள் மோதியபின், கரையில் ஒதுங்கிய கசடை ஆட்கள் வாளியால் அள்ளியதைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய ஆறுதலாகவே தோன்றும். அன்று அள்ளிய கசடைச் சிதைக்கவும் நுண்ணுயிர் முறையையே நாடினார்கள். முறை நல்லதுதான். ஆனால் எந்த இடத்துக்கு அது பொருந்தும் என்று பார்க்காமல் எல்லா இடத்திலும் தூவுவது வீண்செலவில் முடியும்.

முதலில் அதன் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். மாசுபட்ட மண்ணைத் தோண்டி வேறிடத்தில் புதைத்தால் மாசு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். நுண்ணுயிரோ எண்ணெயை உணவாக்கி, கரியமில வாயுவாகவும் நீராகவும் தன் உடலாகவும் மாற்றிவிடுகிறது. மாசு உண்மையிலேயே அழிகிறது. பெரும்பாலும் செலவும் குறைவு. ஆனந்த மோகன் சக்ரவர்த்தி உருவாக்கிய, எண்ணெய் தின்னும் பாக்டீரியாவுக்குக் காப்புரிமை உண்டென்று 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் இந்த நம்பிக்கை உலகெங்கும் பரவியது. ஆனால் அந்தப் பாக்டீரியா எண்ணெய் படிந்த கடலைச் சுத்தம் செய்ய இறக்கப்படவே இல்லை.

கடற்கரையில் உண்மையான சோதனை 1989-இல் நடந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பலிலிருந்து சுமார் 37,000 டன் கச்சா எண்ணெய் கொட்டியது. ஆய்வாளர்கள் கரையின் ஒரு பகுதியில் நைட்ரஜன், பாஸ்பரஸ் உரத்தை மட்டும் இட்டார்கள். ஏறத்தாழ இரண்டே வாரத்தில், கறுத்துக் கிடந்த கூழாங்கற்களுக்கு நடுவே உரமிட்ட செவ்வகம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. விற்பனைக்கு வந்த நுண்ணுயிர்ப் பொருள்களையும் பின்னர் அங்கே சோதித்தார்கள். அவற்றால் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் கிடைக்கவில்லை. எண்ணெயைத் தின்னும் உயிர்கள் அந்தக் கரையில் ஏற்கெனவே இருந்தன. அவற்றுக்குக் கிடைக்காதது ஊட்டம்.

வெளியிலிருந்து வரும் உயிர்கள் தோற்பதற்கும் காரணங்கள் தெளிவானவை. ஆய்வகத்தில் சத்தான ஊடகத்தில் வளர்ந்தவை திடீரென உப்பையும் குளிரையும் பட்டினியையும் சந்திக்கின்றன. உள்ளூர் பாக்டீரியாக்கள் அவற்றோடு உணவுக்குப் போட்டியிடுகின்றன. ஒருசெல் உயிரிகள் அவற்றையே தின்றுவிடுகின்றன.

அப்படியானால் இந்த முறையே வீணா? இல்லை. டெக்சாஸில் கெல்லி விமானப்படைத் தளத்தின் நிலத்தடி நீரில் குளோரின் கலந்த கரைப்பான் ஊறியிருந்தது. உள்ளூர் நுண்ணுயிர்களுக்குத் தீனி கொடுத்தும் சிதைவு பாதியில் நின்றது. குளோரினை முற்றிலும் நீக்கவல்ல டிஹாலோகோக்காய்டிஸ் என்ற பாக்டீரியா அங்கே செயல்படவில்லை. அது அடங்கிய கலவையைச் செலுத்திய பிறகு, 200 நாட்களுக்குள் கரைப்பான் தீங்கற்ற எத்தீனாக மாறியது. இது 2002-இல் வெளியான ஆய்வின் முடிவு. அங்கே குறைந்தது நுண்ணுயிரேதான். அதனால்தான் சேர்த்ததும் பலன் தந்தது. அதே சிதைவு நடுவில் நின்றால், புற்றுநோய் தரும் வினைல் குளோரைடு தேங்கும் அபாயமும் உண்டு.

எல்லைகளையும் மறைக்கக் கூடாது. குரோமியம், பாதரசம் போன்ற உலோகங்களை எந்த நுண்ணுயிராலும் அழிக்க முடியாது. வேறு வடிவுக்கு மாற்றவே முடியும். அலாஸ்காவிலும் கரையின் அடிமண்ணில் பிராணவாயு எட்டாத இடங்களில் எண்ணெய் 20 ஆண்டுகள் கடந்தும் கிடந்தது. நீரோட்டமும் காற்றும் இல்லாத இடத்தில் எத்தனை கோடி உயிர்களைத் தூவினாலும் பயனில்லை.

ஆகவே பணம் கொடுக்கும் அரசும் நிறுவனங்களும் முன்கூட்டியே சில நிபந்தனைகள் விதிக்க வேண்டும். அந்த இடத்தில் என்னென்ன நுண்ணுயிர் இருக்கின்றன, எது குறைகிறது என்ற பரிசோதனை முதலில் வர வேண்டும். நுண்ணுயிர் தூவாத ஒரு பகுதியை ஒப்பீட்டுக்காகப் பக்கத்திலேயே விட்டுவைக்க வேண்டும். எண்ணெய் அலையில் அடித்துப் போனதா, சிதைந்ததா என்பதை, எளிதில் சிதையாத ஹோப்பேன் என்ற சேர்மத்தின் விகிதத்தைக் கொண்டு அளக்க வேண்டும். நீர் தெளிந்துவிட்டது, நாற்றம் போய்விட்டது என்பவை சான்றாகா. இந்தக் கணக்கைக் காட்ட முடியாத எந்தக் கலவைக்கும் பொதுப்பணத்தில் ஒரு ரூபாய்கூடச் செலவிடக் கூடாது. அந்தப் பணம் முதலில் போக வேண்டியது, கழிவு கலக்கும் வாயை அடைப்பதற்கு.