மினி டிராக்டர் டயர்: பண்ருட்டிக்கு எடை, சிதம்பரத்துக்குக் கேஜ் வீல்

மினி டிராக்டர் வாங்கப் போகிறவர் முதலில் விசாரிப்பது குதிரைத்திறனைத்தான். மஹிந்திரா ஜீவோ 245 டிஐ போன்ற வண்டியில் 24 குதிரைத்திறன், நான்கு சக்கர இயக்கம், பின்னால் 8.3×24 டயர் எல்லாம் உண்டு. முந்திரி, பலா வரிசைகளுக்குள் புகுந்து திரும்ப இந்த அளவு வசதியானது. ஆனால் எவ்வளவு சக்தி இருந்தாலும், டயர் நின்ற இடத்திலேயே சுற்றினால் டீசல்தான் கரையும். இதற்கு டீலரும் மெக்கானிக்கும் பெரும்பாலும் சொல்லும் யோசனை, டயரில் தண்ணீர் ஏற்றுவது. பண்ருட்டியில் அது நல்ல மருந்து. அதே கடலூர் மாவட்டத்தின் சிதம்பரத்தில் அதுவே நோயாகிவிடும்.

காரணம் மண்ணில் இருக்கிறது. 1944இல் மிக்கில்த்வெயிட் என்ற பொறியாளர் இதைச் சுருக்கமான சூத்திரமாக்கினார். சக்கரத்துக்கு மண் தரும் பிடி இரண்டு வகையில் வருகிறது: ஒன்று மண்துகள்களின் ஒட்டும் தன்மை, அது டயர் மண்ணைத் தொடும் பரப்போடு பெருகும், மற்றது உராய்வு, அது டயர் மேல் உள்ள எடையோடு பெருகும். மணலில் ஒட்டும் தன்மை அநேகமாக இல்லை, எடைதான் பேசும். நனைந்து குழைந்த களிமண்ணில் உராய்வு அற்பம். அங்கே எடை கூட்டினால் வண்டி இன்னும் ஆழமாகப் புதையும்.

பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண், மணல் கலந்த நிலங்களில் கொத்துக் கலப்பை இழுக்கவும் பலா ஏற்றிய டிரெய்லரை மேட்டில் ஏற்றவும் எடைதான் உதவும். 8.3×24 டயரில் முக்கால் பங்கு தண்ணீர் ஏற்றினால் ஒன்றுக்குச் சுமார் 50 லிட்டர் பிடிக்கும். இரண்டு டயரில் 100 கிலோ. வால்வை மேலே வைத்து, தண்ணீர் அந்த மட்டத்துக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். குளிர்நாடுகளில் உறையாமலிருக்கக் கால்சியம் குளோரைடு கலப்பார்கள். நமக்கு வெறும் தண்ணீரே போதும். ரிம் துருப்பிடிக்குமே என்பார்கள். டியூப் டயரில் தண்ணீர் டியூபுக்குள்ளேயே நிற்பதால், பஞ்சர் ஆனால் தவிர அந்தக் கவலை இல்லை. இன்னொரு வழி காற்றைக் குறைப்பது: டயர் சற்றே தட்டையாகி, அதிகப் பட்டன்கள் மண்ணைத் தொடும். ஆனால் டயர் நிறுவனத்தின் அட்டவணை சொல்லும் அளவுக்குக் கீழே போகக் கூடாது. டிரெய்லரோடு தார்ச்சாலைக்கு வரும் முன் மறுபடி ஏற்றிவிட வேண்டும்.

வீராணமும் கொள்ளிடமும் பாசனம் தரும் சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் களிமண் வயல்களில் கதை வேறு. சம்பாவுக்குச் சேறு கலக்கும்போது டயருக்கு வெளிப்பக்கம் பூட்டும் அரைக் கேஜ் வீல்தான் தாங்கும் பரப்பைக் கூட்டுகிறது. அதன் இரும்புப் பட்டைகள் சேற்றைப் பிடித்துத் தள்ளுகின்றன. தண்ணீர் ஏற்றிய டயர் இங்கே வேண்டாத சுமை: தடம் ஆழமாகும், அடிமண் இறுகும், நெல்லுக்குப் பின் வரும் உளுந்தின் வேர் அதில் திணறும். சேற்றில் இழுகலப்பையைவிட ரொட்டவேட்டர் ஏற்றது. அதன் கத்திகள் சுற்றும் திசையே வண்டியை முன்னோக்கித் தள்ளுவதால் டயருக்கு வேலை குறைவு. ஆனால் கேஜ் வீலோடு தார்ச்சாலையில் ஓட்டினால் சாலை கிழியும். அதை டிரெய்லரில் கொண்டுபோய் வயலோரம் பூட்டுவதே முறை.

நான்கு சக்கர இயக்கம் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. முன்சக்கரமும் இழுப்பதால் வண்டியின் முழு எடையும் பிடியாகிறது; பண்ருட்டி மண்ணில் அது பெரிய லாபம். ஆனால் சேற்று வயலில் மண்ணே வலுவிழந்திருக்கும்போது நான்கும் சேர்ந்து சறுக்கும். ஆழப் பட்டன் சேற்று டயர் மாட்டலாமே என்றால், பின்னால் மட்டும் அளவு மாற்றுவது முன்பின் சக்கரங்களின் வேகப் பொருத்தத்தைக் கெடுத்துக் கியரைத் தேய்க்கும். இரு பின்சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுற்றவைக்கும் டிஃப் லாக்கும் நேராகப் போகும்போது மட்டும் உதவும். திரும்புமுன் விடுவித்தே ஆக வேண்டும்.

எது சரி என்று ஊகிக்கத் தேவையில்லை, அளந்துவிடலாம். பின்டயரில் சுண்ணாம்புக் கோடு போட்டு, சுமையில்லாமல் கெட்டித் தரையில் 10 சுற்றுக்கு எத்தனை மீட்டர் போகிறது என்று பாருங்கள். பிறகு கலப்பையோடு வயலில் பாருங்கள். 30 மீட்டர் 26 ஆகக் குறைந்தால் சறுக்கல் 13 சதவீதம், அது நல்ல அளவு. 15ஐத் தாண்டினால் பிடி போதவில்லை. 8க்குக் கீழே என்றால் வீண் எடையைச் சுமக்கிறீர்கள்.

என் தீர்ப்பு இது: பண்ருட்டி மண்ணுக்குத் தண்ணீரும் சரியான காற்றழுத்தமும் போதும், கேஜ் வீலுக்குச் செலவழிக்காதீர்கள். சிதம்பரத்தில் கேஜ் வீல் வாங்குங்கள், சேற்றில் இறங்குமுன் டயர்த் தண்ணீரை வடித்துவிடுங்கள். இரண்டு மண்ணிலும் உழுபவர் பருவத்துக்கு ஒருமுறை தண்ணீரையும் கேஜ் வீலையும் மாற்றிக்கொள்ளட்டும். எங்கே இருந்தாலும் சுமையை டிராபாரில் தாழ்வாகவே கட்டுங்கள். மேலே கட்டி இழுத்தால் முன்பக்கம் தூக்கி வண்டி பின்னால் கவிழும்.