வாவிக்கு எத்தனை குதிரைவலு?

கண்டி வாவியில் சுற்றுலாப் படகொன்று முழு வேகத்தில் போகும்போது அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். முன்மூக்கு தூக்கிக்கொண்டு நிற்கும், பின்பக்கம் தண்ணீரில் அமுங்கிக் கிடக்கும். பின்னாலேயே ஓர் அலை படகை விட்டு அகலாமல் இழுபட்டு வரும். இயந்திரத்தின் வலுவில் பெரும்பங்கு அந்த அலையை எழுப்பவே போய்விடுகிறது. இதைப் பார்த்துத்தான் “இஞ்சின் பத்தாது, பெரிசாப் போடணும்” என்கிறார்கள். மடவளையிலிருந்து கண்டிக்குப் போகும் நாட்களில் வாவிக்கரையில் நின்று இதைக் கவனித்து வரும் எனக்கு அந்த முடிவில் உடன்பாடில்லை.

தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும் கனத்த படகுக்கு அதன் நீளமே வேக எல்லையை வகுத்துவிடுகிறது. நீர்மட்டத்தில் 20 அடி நீளமென்றால் அந்த எல்லை ஏறத்தாழ 6 நொட், அதாவது மணிக்கு 11 கிலோமீற்றர். 15 குதிரைவலுவைக் கழற்றி 25 பூட்டினாலும் வேகம் கொஞ்சம்தான் கூடும். தாங்கியில் பெற்றோல் மளமளவென்று இறங்கும். வாவியின் சுற்றளவே 3 கிலோமீற்றர் சொச்சம். எல்லைக்குள் ஓடினாலும் இருபது நிமிடத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடுகிறது.

அதற்காக இயந்திரம் மாற்றுவதே வீண் என்று சொல்ல மாட்டேன். காபரேட்டர் வைத்த பழைய இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரத்தில் எரிபொருளில் கால்வாசி வரை எரியாமலே புகையோடு வெளியேறுகிறது. வெளியிணைப்பு இயந்திரத்தின் புகை போவதும் தண்ணீருக்குள்தான். படகு கடந்த பிறகு வானவில் நிறத்தில் படரும் எண்ணெய்ப் படலத்தைக் கரையிலிருந்தே காணலாம். 2022 ஜூனில் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாயைத் தொட்டதையும், அதற்காக வரிசையில் காத்துக் கிடந்ததையும் நாம் மறக்கவில்லை. அதே வலுவுள்ள நான்கு ஸ்ட்ரோக்குக்கு மாறினால் செலவும் புகையும் இரைச்சலும் குறையும். தலதா மாளிகையின் காலடியில் கிடக்கும் நீருக்கு அந்த அமைதி பெரிய விஷயம். அந்தச் சிறு சுற்றுக்கு மின்மோட்டார் இன்னும் பொருத்தம் என்பேன்.

நான்கு ஸ்ட்ரோக்கின் குறை அதன் எடையில் இருக்கிறது. 15 குதிரைவலு இரண்டு ஸ்ட்ரோக் 40 கிலோவுக்குள் நிற்கும், நான்கு ஸ்ட்ரோக் 50 கிலோவை ஒட்டி வரும். அவ்வளவையும் சுமப்பது படகின் பின்பலகை. பழைய ஃபைபர் படகில் அந்தப் பலகைக்குள் ஒட்டுப்பலகை இருக்கும். ஆணித் துளை வழியே நீர் இறங்கினால் அது உள்ளுக்குள்ளேயே உக்கிப்போகும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். ‘டக்’கென்று கேட்டால் நல்லது. ‘பொத்’தென்று கேட்டால் புது இயந்திரத்தின் பேச்சையே எடுக்க வேண்டாம், முதலில் பலகையை மாற்றுங்கள்.

கரையோரத்தில் ஓடிக் கழித்த இயந்திரத்தை மலிவாக வாங்கி வருவதிலும் ஆபத்துண்டு. குளிர்நீர் ஓடும் வழிகளை உப்பு அரித்திருக்கும். கடல்மட்டத்துக்குப் பொருத்திய புரொப்பெல்லர் வேறு, ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இங்கே இயந்திரத்துக்குப் பாரமாகும். இந்த உயரத்தில் வலு 5 வீதம் அளவில் குறைந்துவிடுகிறது. முழு முறுக்கில் இயந்திரம் அதற்குரிய சுழற்சியை எட்டவில்லையென்றால், புரொப்பெல்லரின் சாய்வை ஓர் அங்குலம் குறைத்துப் பார்க்கலாம். சுழற்சி நிமிடத்துக்கு 200 அளவில் ஏறும். அடிப்பகுதியில் படிந்த பாசியைச் சுரண்டினாலும் ஓட்டம் தெளியும். இந்த இரண்டையும் செய்து பார்க்காமல் பணத்தை எண்ணி வைப்பவர்களைக் கண்டால் மனம் கனக்கிறது.

விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குக் கணக்கு வேறு. 1985இல் திறந்த 122 மீற்றர் உயர அணைக்குப் பின்னால் தேங்கிய அந்த விரிந்த நீரில் எதிர்க்காற்று கிளம்பினால் கையிருப்பு வலு உயிரைக் காக்கும். நீர்மேல் எழும்பி ஓடும் இலேசான ஃபைபர் படகுக்குக் கூடுதல் குதிரைவலு உண்மையாகவே வேகம் தரும். அங்கே பெரிய இயந்திரம் கேட்பவரோடு நான் வாதாட மாட்டேன். ஆனால் நீர் வற்றும் மாதங்களில் மூழ்கிய பழைய தெல்தெனியா நகரின் எச்சங்கள் தலை காட்டுகின்றன. நீருக்குள் மறைந்திருக்கும் ஒரு சுவரில் மோதினாலே புரொப்பெல்லரின் இதழ் மடங்கிவிடும். எத்தனை குதிரைவலு பூட்டினாலும், மாற்றுப் புரொப்பெல்லர் ஒன்றும் துடுப்பு இரண்டும் படகில் கிடக்கட்டும்.