எடுத்துக்காட்டு வாக்கியமும் ஆங்கிலச் சொல்லறிவும்

ஆங்கிலத்தின் உயர்தரச் சொற்களைப் பயில விரும்பும் மாணாக்கர் பெரும்பாலும் இடப்புறத்திற் சொல்லும் வலப்புறத்திற் பொருளும் எழுதிய குறிப்பேட்டையே துணையாகக் கொள்வர். இம்முறையின் குறையை ஒரு தமிழ்ச் சொல்லே காட்டிவிடும். தணித்தல் என்பதனை நாம் தாகத்துக்கும் கோபத்துக்கும் நோவுக்கும் ஒருங்கே வழங்குகின்றோம். ஆங்கிலமோ தாகத்தைக் 'குவெஞ்ச்' செய்யும். கோபங்கொண்டவரை 'அப்பீஸ்' செய்யும். நோவை 'அலீவியேற்' செய்யும். தீங்கின் கடுமையை 'மிற்றிகேற்' செய்யும். நான்குக்கும் நேரே தணித்தல் என்றெழுதி நெட்டுருச் செய்தவர், நீரருந்தித் தம் தாகத்தை 'மிற்றிகேற்' செய்ததாக எழுதுவரேல், அவர்மேற் பிழை கூறுதல் எங்ஙனம் பொருந்தும்? அவருக்கு அளிக்கப்பட்டது பொருள் மட்டுமே; சொல்லின் சுற்றம் அளிக்கப்படவில்லை.

அச்சுற்றத்தைக் காட்டுவதே எடுத்துக்காட்டு வாக்கியத்தின் தொழில். ஆயின் அவ்வாக்கியம் எங்கிருந்து வருதல் வேண்டும் என்பதில் அகராதியாசிரியர்கள் ஒருமனப்பட்டாரல்லர்.

1755 இல் வெளிவந்த சாமுவேல் ஜோன்சனின் அகராதி ஏறத்தாழ 1,14,000 மேற்கோள்களைத் தாங்கியது. சிறந்த ஆசிரியர்தம் நூல்களிலிருந்து பொறுக்கிய அவை சொல்லோடு நல்லறிவையும் ஊட்டல் வேண்டுமென அவர் கருதினார்; தாம் வெறுத்த ஹொப்ஸ் என்பாரின் நூல்களை எடுத்தாள மறுத்தார். கற்றோர்க்கு அது விருந்து. மொழியைப் புதிதாகப் பயில்வோரோ ஒரு சொல்லை அறியப்போய் ஒன்பது அரிய சொற்களிற் சிக்குவர். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் செய்யுள் மேற்கோள்களைக் கண்டு திகைக்கும் பிறமொழியாளர் நிலையும் இதுவே.

யப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹோன்பி இவ்விடர்ப்பாட்டை நேரிற் கண்டவர். அவர் துணைவர் இருவருடன் ஆக்கிய அகராதி 1942 இல் தோக்கியோவில் வெளிவந்தது. 1948 இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகம் அதனை மறுபதிப்புச் செய்தது. வினைச்சொற்கள் அமையும் முறையை 25 வாய்பாடுகளில் அடக்கி, எளிய சிறு வாக்கியங்களால் விளக்கியமை அந்நூலின் பெருஞ்சிறப்பு. 'அட்வைஸ்' என்பதன் பின் ஆளையும் அவர் செய்யவேண்டிய செயலையும் அடுத்தடுத்து வைக்கலாம். பொருளில் அதனை ஒத்த 'சஜெஸ்ற்' அதற்கு இடங்கொடாது. நம்மவர் இன்றும் தடுமாறும் இடம் இது. பொருள் விளக்கம் எவ்வளவு நீண்டாலும் இவ்வேறுபாட்டை உணர்த்தாது. இரண்டு சிறு வாக்கியங்கள் உணர்த்திவிடும்.

இயற்றப்பட்ட வாக்கியம் உயிரற்றது என்றனர் பின்வந்தோர். பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜோன் சிங்கிளேயர் தலைமையில், கணினியிற் சேர்த்த மெய்வழக்குகளைக்கொண்டு உருவாகிய கோபில்ட் அகராதி 1987 இல் வெளிவந்தது. அவ்வாய்வு காட்டிய உண்மைகள் வியப்புக்குரியன. 'செற் இன்' என்னும் தொடர் தொடங்குதல் எனப் பொருள்படினும், அழுகல், தளர்ச்சி முதலிய விரும்பத்தகாதவற்றோடே பெரும்பாலும் வருகின்றது. விபத்து நேர்ந்தது என்போம். திருமணம் நேர்ந்தது என்றால் மணவீட்டார் மனம் நோவர். இத்தகைய நுண்மை, தம் மனத்தினின்று வாக்கியம் புனைவோருக்கு எளிதில் அகப்படாது.

ஆயினும், மெய்வழக்கு என்பதனாலேயே ஒரு வாக்கியம் நல்லாசிரியனாகி விடாது. முன்னும் பின்னும் வெட்டியெடுத்த வாக்கியத்தில் 'அவர்' யார், 'அது' எது என அறியாது மாணாக்கர் மயங்குவர். எம் கருத்தில், சொல்லைத் தாமே எழுதிப் பயிலத் தொடங்குவோர்க்கு ஹோன்பியின் வழியே ஏற்றது. வாசிப்பில் ஓரளவு முதிர்ந்த பின்னர் சிங்கிளேயரின் வழி பெரும்பயன் தரும். தமிழுக்கும் 1992 இல் வெளிவந்த கிரியாவின் தற்காலத் தமிழ் அகராதி எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு அமைந்தது மகிழ்ச்சிக்குரியது.

பரீட்சைத் துணைநூல்கள் பலவற்றில் இவ்விரு வழிகளுமில்லை. சொல்லுக்கொரு வாக்கியம் என்னும் கடனைக் கழித்தற்பொருட்டு எழுதியவையே மிகுதி. அவற்றை அளக்க ஓர் எளிய வழியுண்டு: வாக்கியத்திற் பயிலவேண்டிய சொல்லை விரலால் மறைத்து, அவ்விடத்தில் வேறெச்சொற்கள் பொருந்தும் எனப் பார்த்தல். 'அவன் அதனை மிற்றிகேற் செய்தான்' என்பதில் ஆயிரம் வினைகள் பொருந்தும். 'கரையோரக் கண்டல் மரங்கள் புயலின் சேதத்தை மிற்றிகேற் செய்தன' என்பதிலோ இரண்டு மூன்றுக்கு மேற் பொருந்தா.